நேரத்தை நிறுத்திய திருடன்

ஒரு திருடனைத் தேடி ஒரு பெண் வருகிறாள். கையில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றைக் கொடுக்கிறாள். அதை முடுக்கினால் உலகம் அப்படியே நின்றுபோகும். நடந்துகொண்டிருந்தவர் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார். கொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கண்ணாடிக் குச்சியாய்த் தொங்கும். உண்மையில் உலகம் நிற்பதில்லை. கருவியை மாட்டியவனுக்கு மட்டும் நேரம் பல மடங்கு வேகமாக ஓடுகிறது. அதனால்தான் மற்றவர்கள் சிலையாகத் தெரிகிறார்கள். "இதை மாட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் போ. நான் கேட்கும் பொருள்களை எடுத்து வா" என்பதுதான் அவனுக்கு அவள் கொடுத்த வேலை.

யார் அவள், ஏன் கேட்கிறாள் என்பதையெல்லாம் நான் சொன்னால் கதை கெட்டுவிடும். எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். 1952 ஜூன் மாதத்தில் அமெரிக்காவில் இந்தக் கதை தொலைக்காட்சிக்கு வந்தது. கிளார்க் எழுதியவற்றில் முதலில் திரை கண்டது இதுதான்.

அது வந்த நிகழ்ச்சியின் பெயர் 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ'. நாளைய கதைகள் என்று வைத்துக்கொள்வோம். 1951 ஆகஸ்டில் தொடங்கி 1953 ஜூன் வரை ஓடியது. உங்கள் வீட்டில் இரவு ஓடும் சீரியல்போல ஒரே மாமியார், ஒரே மருமகள் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கிற வேலை இதில் கிடையாது. பெரும்பாலும் அரை மணி நேரம், ஒரு கதை. அடுத்த முறை வேறு கதை, வேறு ஆட்கள், வேறு உலகம். அறிவியல் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை என்பது என் கட்சி. 'இப்படி நடந்தால் என்ன ஆகும்?' என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு, அதன் முடிவு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுக் கடையைக் கட்டிவிடலாம்.

இன்னொரு வேடிக்கை, எல்லாமே நேரலை. கிரிக்கெட் ஆட்டத்தைக் காட்டுவதுபோல, ஸ்டுடியோவில் நடிக்க நடிக்க வீடுகளில் தெரியும். நடிகருக்கு வசனம் மறந்தால் மறந்ததுதான், அட்டைச் சுவர் ஆடினால் ஆடியதுதான். 1952 ஜனவரியில் பிராங்கன்ஸ்டைன் கதையைப் போட்டார்கள். அதில் வரும் பூதமாக நடித்தவர் லான் சேனி ஜூனியர். கோபத்தில் நாற்காலியைத் தூக்கி உடைக்க வேண்டிய காட்சி. மனிதர் அதை ஒத்திகை என்று நினைத்துவிட்டாராம். நாற்காலியை ஆவேசமாகத் தூக்கினார். பிறகு, 'உண்மையான நிகழ்ச்சிக்கு வேண்டுமே' என்று பத்திரமாகக் கீழே வைத்துவிட்டார். நாடே பார்த்துக்கொண்டிருந்தது!

அதே நாள்களில் இதே நிகழ்ச்சியில் ஜூல் வெர்னின் கடலடிக் கப்பல் கதையும் இரண்டு பகுதிகளாக வந்தது. வெர்ன் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரிக் குருசுக்குப்பத்திலிருந்து தெற்கே நாலு தெரு நடந்தாலே பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகளைப் பார்த்து வளர்கிறவர்கள் நீங்கள். உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். அந்தக் கப்பலின் தலைவன் நெமோ யார் தெரியுமா? இந்தியன். பந்தேல்கண்ட் இளவரசன் தக்கார் என்று வெர்ன் பின்னால் எழுதிய நாவலில் வெளிப்படும். கடலடிக் கதையில் மன்னார் வளைகுடாவுக்கு வரும் நெமோ, முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றுகிறான். தொலைக்காட்சியில் நெமோவாக நடித்தவரோ தாமஸ் மிச்சல் என்ற அமெரிக்கர். அந்தக் காலம் அப்படி.

நேரலையில் காட்டியதை இன்று நம்மால் எப்படிப் பார்க்க முடிகிறது? பயன்படும்படியான வீடியோ நாடா 1956இல்தான் வந்தது. அதற்கு முன் ஒரே வழி, தொலைக்காட்சித் திரைக்கு எதிரே சினிமா கேமராவை வைத்துப் படம் பிடிப்பது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒரு வினாடிக்கு 30 படம் காட்டும். சினிமா கேமராவோ வினாடிக்கு 24 படம்தான் எடுக்கும். இரண்டும் ஒத்துப்போகாததால், இதற்கென்றே தனிக் கேமரா செய்து சரிக்கட்டினார்கள். அப்படியும் படம் மங்கல்தான். ஆனால் அந்த மங்கல் பிலிம்கள்தான் பூதத்தையும் நாற்காலியையும் நமக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கின்றன. நாடா வந்தபிறகு வேறொரு கொடுமை நடந்தது. நாடா விலை அதிகம் என்று பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதியதைப் பதிந்தார்கள். பிரிட்டனின் பிபிசி 1965 முதல் 1971 வரை 'அவுட் ஆஃப் தி அன்நோன்' என்று இதேபோல ஒரு நிகழ்ச்சி நடத்தியது. மொத்தம் 49 கதைகள். முழுதாக மிஞ்சியவை 20.

இந்த வகையில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது 'தி ட்விலைட் ஜோன்'. 1959 அக்டோபர் 2இல் தொடங்கியது. 156 கதைகளில் 92ஐ ராட் செர்லிங் ஒருவரே எழுதினார். நிறவெறி, போர் என்று நேராகப் பேசினால் விளம்பரம் தரும் கம்பெனிகள் முகம் சுளித்த காலம் அது. செவ்வாய்க்கிரகத்து ஆள் பேசுவதாகச் சொல்லிவிட்டால் யாரும் தடுக்கவில்லை. செர்லிங் அந்தச் சந்தில் புகுந்து போனார். ட்விலைட் ஜோன் தொடங்குவதற்குப் பதினேழு நாள் முன்புதான், 1959 செப்டம்பர் 15இல், டெல்லியில் இந்தியாவின் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள்தான். சென்னைக்குத் தொலைக்காட்சி வர 1975 ஆகஸ்ட் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தச் சென்னை ஒளிபரப்பு குருசுக்குப்பத்துக்கு ஏன் சுலபமாக வந்து சேரவில்லை? இதற்கு விடை உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள்மேல் ஏறி நின்று கடலுக்குப் போகும் படகைப் பாருங்கள். முதலில் படகின் உடல் மறையும், பிறகு ஆள் மறைவார், கடைசியாகத்தான் கொடி மறையும். பூமி உருண்டை, பார்வையோ நேர்கோடு. எவ்வளவு தூரம் தெரியும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்குங்கள். விடை கிலோமீட்டரில் வரும். உயரம் 4 மீட்டர் என்றால் தெரிவது சுமார் 7 கிலோமீட்டர். 100 மீட்டர் கோபுரத்தில் ஏறினாலும் 36 கிலோமீட்டர்தான்.

தொலைக்காட்சி அலைகளும் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். கொஞ்சம் வளையும் என்பது உண்மை, ஆனால் அது போதாது. சென்னைக்கும் நமக்கும் நேர்த்தூரம் சுமார் 130 கிலோமீட்டர். நம் வீட்டுத் தரைக்கு நேராக அலை வர வேண்டுமானால் சென்னையில் 1,300 மீட்டர் உயரத்துக்குக் கோபுரம் கட்ட வேண்டும். அப்படி ஒரு கோபுரத்தை உலகத்தில் யாரும் இதுவரை கட்டியதில்லை. அதனால்தான் அந்தக் காலத்தில் வெளியூர்க்காரர்கள் மொட்டைமாடியில் நீளக் கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கத்திக்கொண்டு திருப்புவார்கள். தாத்தாவைக் கேளுங்கள், நடித்தே காட்டுவார்.

நம் திருடன் கதையை எழுதினாரே கிளார்க், அவர் இந்தச் சிக்கலை 1945இலேயே காகிதத்தில் தீர்த்துவிட்டார். கோபுரத்தை ஏன் தரையில் கட்ட வேண்டும்? நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை விட்டால், அது பூமியைச் சுற்றிவர ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். பூமியும் ஒரு நாளில்தான் தன்னைத்தானே சுற்றுகிறது. ஆகவே கீழிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோள் ஒரே இடத்தில் நிற்கும். இப்படி மூன்று கோள்கள் இருந்தால் உலகின் பெரும்பகுதிக்கும் ஒளிபரப்பலாம் என்று 'ஒயர்லெஸ் வேர்ல்டு' என்ற பத்திரிகையில் எழுதினார். அப்போது உலகத்தில் ஒரு செயற்கைக்கோள்கூடக் கிடையாது.

இன்று மொட்டைமாடியில் ஏறி உங்கள் தெருவிலுள்ள டிஷ்களை எண்ணிப் பாருங்கள். எல்லாம் பார்க்கும் திசை தெற்கு, இல்லாவிட்டால் தென்கிழக்கு. வடக்கே முகம் வைத்த டிஷ் ஒன்றுகூடத் தென்படாது. நிலநடுக்கோடு நமக்குத் தெற்கே இருக்கிறது, கோள்கள் எல்லாம் அதன் நேர்மேலே நிற்கின்றன. மேலே போய்க் கீழே இறங்க அலைக்குக் கால் வினாடி ஆகும். அடுத்த வீட்டில் கேபிள், உங்கள் வீட்டில் டிஷ் என்றால் சிக்ஸருக்குக் கைதட்டல் முன்னேபின்னே கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டு இந்தியா இந்தச் செயற்கைக்கோள் ஒளிபரப்பைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 என்ற செயற்கைக்கோளை வாங்கி அல்ல, இரவலாகப் பெற்று, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி காட்டினார்கள். கிராமத்துக்கு வைத்த டிஷ் எதனால் ஆனது தெரியுமா? கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலை! மூன்று மீட்டர் அகலம். ஓட்டை வழியாக அலை ஒழுகிவிடாதா என்று கேட்பீர்கள். அந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். வலையின் ஓட்டை அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. அலையைப் பொறுத்தவரை அது சுவர்தான். உங்கள் அப்பாவின் வலையில் பெரிய வஞ்சிரம் மாட்டுகிறது, நெத்திலி நழுவிவிடுகிறது அல்லவா, அதே நியாயம்.

அந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் இல்லை, புதுச்சேரியும் இல்லை. ஆனால் கொழும்பில் ஒரே ஒரு வீட்டில் அந்த ஒளிபரப்பு தெரிந்தது. அது கிளார்க்கின் வீடு! அவர் 1956 முதல் இலங்கையில்தான் வாழ்ந்துவந்தார். யோசனையைச் சொன்னவருக்கு மரியாதையாக, இஸ்ரோ பொறியாளர்கள் போய் அவர் வீட்டில் ஐந்து மீட்டர் டிஷ் ஒன்றை நட்டுக்கொடுத்தார்கள். இலங்கைக்குச் சொந்தமாகத் தொலைக்காட்சி நிலையம் 1979இல்தான் வந்தது.

இலங்கையில் அவரைப் பிடித்து வைத்தது வானமல்ல, கடல். ஆள் நல்ல முக்குளிப்பாளர். போர்த்துகீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்த திருகோணமலை கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் பாறைக்குக் கீழே கடலடியில் கிடப்பதை, நண்பர் மைக் வில்சனோடு இறங்கிப் பார்த்து எழுதியிருக்கிறார்.

தமிழில் 'டேல்ஸ் ஆஃப் டுமாரோ' மாதிரி நிகழ்ச்சி வந்ததா? சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பின்னாளில் தூர்தர்ஷன் தொடராக வந்தது. ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு அன்றைக்கே ரசிகர் கூட்டம். ஆனால் அது ஒரே நீளக் கதை. ஒரு தலைப்புக்குக் கீழே தனித்தனிக் கதைகள் என்று பார்த்தால் தொண்ணூறுகளில் வந்த 'மர்மதேசம்' பக்கத்தில் வரும். இந்திரா சௌந்தர்ராஜன் கதை. அதில் நாகா இயக்கிய 'விடாது கருப்பு' பார்த்து நடுங்கிய அம்மாக்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். சாமி குதிரையேறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்பும். கதையோ விடையை வேறெங்கோ போய்த் தேடும். வாரம் ஒரு அறிவியல் கதை என்று தமிழில் யாராவது துணிந்து செய்தால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

இனித் திருடனிடம் திரும்புவோம். நேரம் ஆளுக்கு ஆள் வேறு வேகத்தில் ஓடும் என்பது முழுப் பொய்யா? இல்லை. உங்கள் வீட்டு ஃபைபர் போட்டில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியைக் கேளுங்கள். அதற்குச் செய்தி அனுப்பும் செயற்கைக்கோள்களின் கடிகாரம், தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடுகிறது. ஐன்ஸ்டீன் கணக்கு அப்படி. அதைத் திருத்தாமல் விட்டால், ஒரு நாளில் ஒளி வேகத்தில் 11 கிலோமீட்டருக்குக் கணக்குப் பிசகும்.

திருடனின் கருவி 10,000 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த எண் என்னுடையது, கிளார்க்கினுடையது அல்ல. வெளியே ஒரு வினாடி என்பது அவனுக்கு 2 மணி 46 நிமிடம். திருட அது தாராளம். ஆனால் அவன் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா நடந்தால்கூட, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மணிக்கு 40,000 கிலோமீட்டர். ராக்கெட் பூமியை விட்டே போகிற வேகம்! காற்றில் உரசிப் பற்றி எரிந்துவிட மாட்டானா? எச்.ஜி. வெல்ஸ் 1901இல் இதே போன்ற ஒரு கதை எழுதியபோது, ஓடியவர்களின் உடை கருக ஆரம்பித்துவிடுவதாகச் சரியாகவே எழுதினார். கிளார்க் அதற்கு வழி வைத்திருந்தார். கருவியைச் சுற்றிக் கொஞ்ச தூரம் வரை எல்லாவற்றுக்கும் நேரம் வேகமாகும், காற்றுக்கும் சேர்த்து.

சத்தத்துக்கு வருவோம். ஒருவர் பேசும்போது காற்று வினாடிக்கு 200 முறை அதிர்கிறது என்றால், திருடன் காதுக்கு அது 50 வினாடிக்கு ஒரு முறை. வினாடிக்குக் குறைந்தது 20 அதிர்வாவது இருந்தால்தான் காது கேட்கும். ஆகவே முழு நிசப்தம். வெளிச்சமும் ஒரு அலைதான். பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் அரை மைக்ரோமீட்டர். அவனுக்கு அது 10,000 மடங்கு நீண்டு 5 மில்லிமீட்டர் ஆகிவிடும். அது நுண்ணலை, கண்ணுக்குத் தெரியாது. நட்டநடுப் பகலில் கருவியை முடுக்கினாலும் திருடனுக்குக் கும்மிருட்டு!

டார்ச் கொண்டுபோனால்? அதன் ஒளி அவனுடைய வட்டத்தைத் தாண்டி வெளியே போனதும் இதே கணக்கு தலைகீழாகும். அலைநீளம் 10,000 மடங்கு சுருங்கும். அப்படிச் சுருங்கிய ஒளிக்குப் பெயர் எக்ஸ்-கதிர். அது எதிலும் பட்டு ஒழுங்காகத் திரும்பி வராது, ஊடுருவிப் போய்விடும். டார்ச் அடித்தும் அவனுக்கு இருட்டுதான். வாசலில் சிலைபோல் நிற்கும் காவல்காரர்மேல் அந்த வெளிச்சம் பட்டு, அவருக்குப் பின்னால் அலமாரியில் பழைய கேமரா பிலிம் ஏதாவது இருந்திருந்தால், கழுவிப் பார்க்கும் போலீசுக்கு அதில் அவருடைய விலா எலும்புகள் தெரியலாம்.