நிலவில் இறங்கிய பிளஸ் ஒன் கணக்கு

சங்கரன்கோவிலில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் சேரும் பிள்ளைகளுக்கு, இயற்பியலில் இரண்டாவது பாடமே இயக்கவியல். வெக்டர், அதன் கூறுகள், நுண்கணிதம் எல்லாம் அதில்தான் வருகின்றன. பலருக்குப் பயம் பிடிப்பதும் அங்கேதான். ஒன்பதாம் வகுப்பில் படித்த மூன்று இயக்கச் சமன்பாடுகள் போதாதா?

முடுக்கம் மாறாதவரை போதும். ராக்கெட்டில் அது மாறிக்கொண்டே இருக்கும். எரிபொருள் எரிய எரிய நிறை குறைகிறது. அதே விசை கூடுதல் முடுக்கம் தருகிறது.

ஊருக்குத் தெற்கே, மகேந்திரகிரியிலுள்ள இஸ்ரோ வளாகத்தில் சோதிக்கப்பட்ட கிரையோஜெனிக் எஞ்சினின் துணையோடுதான் 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 விண்ணேறியது. ஆகஸ்ட் 23 மாலை, நிலவுக்கு மேலே சுமார் 30 கி.மீ. உயரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 1.68 கி.மீ. வேகத்தில் விக்ரம் லேண்டர் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கிடைவேகத்தைக் குறைக்க வேண்டும். அதே நேரம், நிலவின் ஈர்ப்பு கீழே இழுத்துவிடாமல் தாங்கவும் வேண்டும். இரண்டையும் செய்வது ஒரே எஞ்சின் விசைதான். அதை எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதே வெக்டர் கணக்கு. சுமார் 690 விநாடிகள் நீளும் முதல் கட்டத்தின் முடிவில் வேகம் விநாடிக்கு 358 மீட்டர். அதாவது, ஒவ்வொரு விநாடியும் வேகம் சராசரியாக விநாடிக்கு 1.9 மீட்டர் குறைந்திருக்கிறது.

தான் எங்கே இருக்கிறோம் என்று லேண்டருக்கு எப்படித் தெரியும்? முடுக்கமானி காட்டும் அளவோடு ஈர்ப்பையும் சேர்த்துக் கணத்துக்குக் கணம் கூட்டினால் திசைவேகம் கிடைக்கும். திசைவேகத்தை அப்படியே கூட்டினால் இருக்குமிடம். புத்தகம் தொகையிடல் என்று சொல்வது இதைத்தான். ஆனால் பிழையும் கூடவே சேரும். முடுக்கத்தில் 0.01 அலகு தவறினால், 690 விநாடியில் வேகம் விநாடிக்கு 6.9 மீட்டர் தவறும். இடமோ ஏறக்குறைய 2.4 கி.மீ. தள்ளிப்போகும்!

சந்திரயான்-2இல் நடந்ததும் பிழைகள் சேர்ந்த கதைதான். 2019 செப்டம்பர் 7 அன்று எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக விசை தந்தன. திருத்திக்கொள்ள லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளின் வரம்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இறங்குவதற்கு ஒதுக்கிய இடமும் 500 மீட்டர் சதுரம்தான். லேண்டர் நிலவில் மோதியது.

அடுத்த முறை, விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்தபோது, அந்த இடம் 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என விரிந்தது. நிலவுத் தரையைப் பொறுத்த திசைவேகத்தை மூன்று திசைகளிலும் நேரடியாக அளக்கும் லேசர் டாப்ளர் கருவியும் புதிதாகச் சேர்ந்தது. கூட்டிப் பெற்ற விடையை அளந்த விடையோடு ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது. பூமியிலிருந்து சமிக்ஞை போய்வர இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், இறங்கும்போது இவ்வளவு கணக்கையும் லேண்டரின் கணினியே போட்டுக்கொண்டது.