ஒப்பந்த மேசை – 6: திராட்சைக்கு ஒரு நாள்காட்டி

ஒரு நாட்டிடம் செம்பு இருக்கிறது, கார் தொழிற்சாலை இல்லை. இன்னொன்றிடம் கார் இருக்கிறது, செம்பு இல்லை. இரண்டும் பேச உட்கார்ந்தால் சட்டென்று முடிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிலியும் தென்கொரியாவும் அப்படியொரு ஜோடி. 1999 செப்டம்பரில் ஆக்லாந்து ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டுறவு) மாநாட்டில் இரு நாட்டு அதிபர்களும் சம்மதித்தார்கள். டிசம்பரிலேயே பேச்சு தொடங்கியது. ஆனால் ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 2004 ஏப்ரல் 1-ல். நடுவில் ஒரு வருஷத்துக்கும் மேலாகப் பேச்சே நின்றுபோயிருந்தது.

செம்பிலும் காரிலும் தகராறு இல்லை. பழத்தில்தான் சிக்கியது.

சிலி தென் அரைக்கோளத்தில் இருக்கிறது. கொரியாவில் பனி கொட்டும் மாதங்களில் அங்கே திராட்சை அறுவடை. கொரிய விவசாயியின் பசுமைக்குடில் திராட்சையோ மே வாக்கில் சந்தைக்கு வரத் தொடங்கும். அதனால் வரிக்கு ஒரு நாள்காட்டி போட்டார்கள்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரும் சிலித் திராட்சைக்கு மட்டும் வரி பத்தாண்டுகளில் படிப்படியாக இல்லாமல் போகும், மற்ற மாதங்களில் 45 விழுக்காட்டை ஒட்டிய பழைய வரியே. இந்த ஒப்பந்தத்திலேயே மிக நேர்த்தியான வேலை இதுதான் என்பேன். வாங்குபவருக்குக் குளிர்காலத்தில் பழம் கிடைத்தது, விளைவிப்பவருக்கு அவருடைய பருவம் மிஞ்சியது.

ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் அப்படி வழி கிடைக்கவில்லை. அறுவடை முடிந்த பின்னும் குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்து விற்பனையாகும் பழங்கள் அவை. பருவம் பிரிக்க முடியாது. கொரியா இரண்டையும் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. பதிலுக்குச் சிலி குளிர்சாதனப் பெட்டியையும் சலவை இயந்திரத்தையும் எடுத்தது. அரிசியையும் கொரியா விலக்கியது. சிலி அரிசி ஏற்றுமதி செய்யும் நாடல்ல. ஆனாலும் கொரியாவின் முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் இது. இதில் ஒருமுறை அரிசிக்குக் கதவு திறந்தால், அடுத்து வரும் நாடுகளெல்லாம் அதையே காட்டிக் கேட்கும். பூண்டு, வெங்காயம், மிளகாய் எல்லாம் உலக வணிக அமைப்பின் டோஹா சுற்றுப் பேச்சு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி சிலிக்குப் போகும் ஹூண்டாய் காருக்கு இந்த ஒப்பந்தத்தின் சலுகை கிடையாது. முத்திரை யாருடையது என்பதல்ல, பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதே கணக்கு.

ஒப்பந்தம் 2003 பிப்ரவரியில் சியோலில் கையெழுத்தானது. அத்தோடு முடியவில்லை. விவசாயிகள் தெருவில் இறங்க, கொரிய நாடாளுமன்றத்தில் ஒப்புதல் மூன்று முறை தடைப்பட்டது. அதற்குள் ஐரோப்பிய ஒன்றியம் சிலியோடு செய்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஐரோப்பியக் கார்கள் வரிச்சலுகையோடு இறங்கத் தொடங்கிவிட்டன. 2004 பிப்ரவரி 16-ல், நான்காவது முயற்சியில்தான் நிறைவேறியது. விவசாயிகளுக்கென்று ஏழாண்டுகளில் 1.2 லட்சம் கோடி வோன் நிதியும் ஒதுக்கப்பட்டது.

விவசாயிகளின் அச்சத்தில் நியாயம் இருந்தது; அதற்கு அரசு தந்த மருந்தில்தான் பிழை. பசுமைக்குடில் திராட்சை, கிவி, பீச் ஆகியவற்றைக் கைவிடுவோருக்கு இழப்பீடு என்றார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அதிகம் பேர் அழித்தது பீச் தோட்டங்களை. நோய்த்தடுப்பு விதிகள் காரணமாகச் சிலியிலிருந்து புதிய பீச் பழம் கொரியாவுக்கு இறக்குமதியே ஆகவில்லை.

(தொடரும்)