ஒரே போர்ட், இரண்டு டிரைவர்: லினக்ஸ் கெர்னலில் துண்டு போட்டு இடம் பிடிப்பது எப்படி?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி கிளம்பும் லோக்கல் ரயிலில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பார்கள். அந்தத் துண்டுக்குச் சட்ட பலம் எதுவும் கிடையாது. மற்றவர்கள் மதித்தால்தான் சீட். லினக்ஸ் கெர்னல் வன்பொருளைப் பங்கு போடுவதும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் சிட்கோவிலோ ஒரு சின்னப் பட்டறை, பழைய மில்லிங் மெஷினை ‘லினக்ஸ்சிஎன்சி’ என்ற இலவச மென்பொருளில் ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாருக்கான சிக்னல், கம்ப்யூட்டரின் பின்னால் உள்ள பேரலல் போர்ட் வழியாகப் போகும். அந்தக் காலத்தில் பிரிண்டர் மாட்டுவோமே, அதேதான். அதன் வழக்கமான முகவரி, பதினாறடிமான எண்ணில் 378. ஒரு பின்னில் மின்னழுத்தம் ஒருமுறை ஏறி இறங்கினால் மோட்டார் ஒரு ஸ்டெப் நகரும்.

இப்போது லினக்ஸின் வழக்கமான பிரிண்டர் போர்ட் டிரைவரும் அதே முகவரியில் எழுதினால்? கேட்காத ஸ்டெப் ஒன்று விழும். அளவு தப்பும், டூல் உடையலாம், பீஸ் ஸ்கிராப்.

இதைத் தடுக்கத்தான் ‘ரிக்வெஸ்ட் ரீஜியன்’. போர்ட்டைத் தொடும் முன் டிரைவர் கெர்னலிடம் மூன்று விவரம் சொல்ல வேண்டும்: எந்த முகவரியிலிருந்து, எத்தனை, யார் பெயரில். காலியாக இருந்தால் பட்டியலில் பெயர் ஏறும். ஏற்கெனவே ஆள் இருந்தால் வெறுங்கைதான். டிரைவர் விலகிவிட வேண்டும். திரையில் ‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வந்து கடுப்பேற்றுவது இதனால்தான். வழக்கமான டிரைவர் ஏறியிருக்கிறதா, வேறு யாராவது போர்ட்டைப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறது லினக்ஸ்சிஎன்சி கையேடு. ‘ப்ராக்’ கோப்புறையில் ‘ஐஓபோர்ட்ஸ்’ என்ற கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். சூடோ போட மறக்காதீங்க. இல்லையென்றால் புதிய கெர்னல்களில் முகவரியெல்லாம் பூஜ்யமாகத்தான் தெரியும்.

முன்பு ‘செக் ரீஜியன்’ என்று ஒன்று இருந்தது. காலியா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். பார்த்ததற்கும் பிடிப்பதற்கும் இடையில் வேறு டிரைவர் புகுந்துவிடலாம் என்பதால் அதை நீக்கிவிட்டார்கள். வேலை முடிந்ததும் ‘ரிலீஸ் ரீஜியன்’ சொல்லி இடத்தை விடுவதும் டிரைவரின் பொறுப்பு. மறந்தால், அதே டிரைவரை மறுபடி ஏற்றும்போது தன் பழைய பெயரே தன்னை மறிக்கும்! இந்த மறதிக்கு மருந்தாக, டிரைவர் விலகும்போது எல்லாவற்றையும் தானே விடுவிக்கும் வசதி 2007-ல் கெர்னலுக்குள் வந்தது.

ஆனால் ஓட்டை இருக்கிறது. கெர்னலுக்குள் ஓடும் டிரைவர் கேட்காமலே போர்ட்டைத் தொட்டால் பிராசஸர் தடுக்காது. பயாஸ் அப்படித்தான், யாரிடமும் கேட்காமல் மதர்போர்டின் வெப்ப சென்சாரைத் தொடும். அதனால் 2009-ல் வந்த 2.6.31 பதிப்பிலிருந்து, பயாஸ் தனக்கு என்று சொல்லும் முகவரிகளை லினக்ஸ் வேறு டிரைவருக்குத் தருவதில்லை. இந்தக் கண்டிப்பைத் தளர்த்த பூட் செட்டிங் ஒன்று உண்டு. வீட்டு கம்ப்யூட்டரில் வெப்பநிலை பார்க்க அதைச் சிலர் போடுகிறார்கள். மில்லிங் மெஷின் ஓட்டும் கம்ப்யூட்டரில் வேண்டாம்.