கரையில் கிடைத்த ஓடு பழம்பொருளா?

கொல்கத்தாவுக்குத் தெற்கே, சுந்தரவனத்தின் பாதர்பிரதிமா வட்டாரத்தில், மீனவர் ஒருவர் தொழில் நேரம் போக மீதி நேரத்தில் கரைச் சேற்றில் கிடக்கும் பானை ஓடு, மணி, சுடுமண் பொம்மை முதலியவற்றைப் பொறுக்கிச் சேர்த்தார். பல ஆண்டுகளில் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. சில, ஈராயிரம் ஆண்டுப் பழமையானவை எனக் கருதப்படுகின்றன.

கிடைத்தது பழம்பொருள்தானா என எப்படி அறிவது? மெல்லிய, வழவழப்பான தட்டின் உட்புறத்தில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிகள் இருந்தால் அலட்சியப்படுத்தலாகாது. இவ்வகை ஓடுகள் கொல்கத்தாவை அடுத்த சந்திரகேதுகரிலும், புதுவையை அடுத்த அரிக்கமேட்டிலும் கிடைத்துள்ளன. வங்கக் கரையும் தமிழ்க் கரையும் அந்நாளில் கடல்வழித் தொடர்பு கொண்டிருந்தமைக்கு இவை சாட்சி.

ஆயினும் ஓடு மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடாது. எந்த மண் அடுக்கில், எவற்றோடு கிடந்தது என்பதே வலுவான ஆதாரம். அலை புரட்டிப் போட்ட பொருளுக்கு அந்த ஆதாரம் போய்விடுகிறது. ஆகவே கண்டெடுத்த இடம், நாள், அருகில் கிடந்தவை ஆகியவற்றை அன்றே குறித்து வைக்க வேண்டும். அழுத்தித் தேய்த்துக் கழுவக் கூடாது.

மண்ணில் புதைந்திருந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சுந்தரவனக் கரையைக் கடல் அரித்துக்கொண்டே இருக்கிறது. இன்று எடுக்காத ஓடு நாளை இருக்காது. குறிப்பில்லாமல் எடுத்த ஓடோ, இருந்தும் பாதிப் பயனே தரும்.