"வயலில் கிடைத்தது" என்று சொல்லி விற்கும் பொத்தான்

பிரான்ஸின் பழம்பொருள் சந்தைகளிலும் இணைய விற்பனைகளிலும் பழைய ராணுவப் பொத்தான் வாங்கப் போனால் ஒரு வாக்கியம் காதில் விழாமல் இருக்காது: "இது வயலில் கிடைத்தது, மண்கூட இன்னும் போகவில்லை." போலி இல்லை என்று நம்ப வைப்பதற்காகச் சொல்வது. அந்த நாட்டுச் சட்டத்தின்படி பார்த்தால் அது பாதி வாக்குமூலம். அதைக் கேட்ட பிறகும் காசை நீட்டுகிறவர் மீதிப் பாதியை எழுதித் தருகிறார்.

பொத்தான் சேகரிப்பது குற்றமல்ல. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. சாதாரணமானவை சில யூரோவுக்கே கிடைக்கும். 1762ஆம் ஆண்டு அரச ஆணைக்குப் பிறகு பிரெஞ்சுக் காலாட்படைப் பொத்தான்களில் ரெஜிமென்ட் எண் பொறிக்கப்பட்டது. எண்ணை வைத்தே அணிந்தவன் எந்தப் படைப்பிரிவு என்று சொல்லிவிடலாம். நெப்போலியனின் காவல்படைக்குக் கிரீடம் சூடிய கழுகு, கடற்படைக்கு நங்கூரம், பீரங்கிப்படைக்குக் குறுக்கே வைத்த இரு பீரங்கிகள். 19ஆம் நூற்றாண்டுப் பொத்தான்கள் பலவற்றின் பின்புறம் பாரிஸ் தயாரிப்பாளரின் முத்திரையும் இருக்கும். பாட்டனார் கோட்டிலிருந்து வந்ததோ, பழைய சேகரிப்பு கலைந்தபோது வந்ததோ என்றால் தயங்காமல் வாங்கலாம்.

மண்ணிலிருந்து வந்தது என்றால் கதை வேறு. 1989 டிசம்பரில் வந்த சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தேட மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த அரசு அனுமதி வேண்டும். மனுதாரரின் தகுதியையும் தேடலின் நோக்கத்தையும் பார்த்தே அது தரப்படும். வார இறுதிப் பொழுதுபோக்குக்குக் கிடைப்பது அரிது. சொந்த நிலம் என்பதும் விலக்காகாது. அனுமதியின்றிக் கருவியைப் பயன்படுத்தினால் 1,500 யூரோ வரை அபராதம், கருவியும் பறிமுதலாகலாம். அனுமதியின்றி அகழ்ந்தால் 7,500 யூரோ. உழும்போது தற்செயலாகக் கிடைத்தால் உடனே ஊர் மேயரிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் 3,750 யூரோ. வாங்குபவர் கவனிக்க வேண்டியது இதுதான்: அனுமதியின்றித் தோண்டியது என்று தெரிந்தே வாங்கினாலும் விற்றாலும் 2 ஆண்டு வரை சிறை, 4,500 யூரோ அபராதம், அபராதத்தை விற்ற விலையின் இருமடங்கு வரை உயர்த்தவும் முடியும். "தெரிந்தே" என்ற சொல்லில்தான் வழக்கு நிற்கும். விற்பவர் அனுப்பிய "வயலில் கிடைத்தது" என்ற செய்தி உங்கள் கைப்பேசியில் இருந்தால், தெரியாது என்று சாதிப்பது கடினம்.

ஒரு பொத்தானுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தோன்றலாம். 2001இல் லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் கட்டுமானப் பணியின்போது ஒரு பெரும் புதைகுழி வெளிப்பட்டது. 1812இல் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கிய நெப்போலியன் படையினர் 3,000 பேருக்கு மேல் அதில் கிடந்தார்கள். அவர்கள் யார், எந்தெந்தப் பிரிவினர் என்று சொன்னவற்றில் முக்கியமானவை எலும்புகளோடு கிடந்த எண் பொறித்த பொத்தான்கள். யாரோ ஒருவர் முன்பே வந்து அவற்றைப் பொறுக்கிப் போயிருந்தால், இன்று அவை எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டியில் அழகாக அடுக்கியிருக்கும். குழியில் கிடந்தவர்கள் யாரென்று சொல்ல ஆதாரம் குறைந்திருக்கும்.

முதல் உலகப் போர்க்களங்களில் உயிரும் பணயம். வெர்டன் சுற்றுவட்டாரத்தில் வெடிக்காத குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் நச்சு வாயுக் குண்டுகளும் உண்டு. துருப்பிடித்த இரும்பு தென்பட்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு விலகிப்போய் 17 அல்லது 112 எண்ணை அழையுங்கள். எலும்பு தெரிந்தாலும் அப்படியே. கல்லறையைக் கலைத்த குற்றத்துக்கு ஓராண்டு சிறையும் 15,000 யூரோ அபராதமும் உண்டு. பிரெஞ்சு வீரர்களின் அடையாளத் தகடு விற்பனைக்கு வந்தால், எங்கிருந்து வந்தது என்று இருமுறை கேளுங்கள். காணாமற்போன ஒருவர் இன்னார்தான் என்று காட்டும் ஒரே சாட்சியாக அது இருக்கக்கூடும். என்னைக் கேட்டால், மண்ணிலிருந்து வந்த தகட்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது.

இனி போலி. போர்க்காட்சிகளை நடித்துக் காட்டும் குழுக்களுக்காக மறுவார்ப்பு செய்த பொத்தான்கள் ஏராளம். அவற்றை அமிலத்தில் நனைத்துப் பழையதாக்குவது பெரிய வித்தையல்ல. காவல்படைக் கழுகும் விலை போகும் எண்களும்தான் அதிகம் போலியாகின்றன. ஏமாந்தவருக்கு பிரெஞ்சுச் சட்டம் தரும் பிடி வலுவானது, பலருக்குத் தெரியாது என்பதுதான் குறை. 1981 மார்ச் 3 அரசாணைப்படி, சேகரிப்புப் பொருள் விற்பவர் வாங்குபவர் கேட்டால் பொருளின் தன்மை, ஆக்கம், தோற்றம், பழமை ஆகியவற்றைக் குறிப்பிட்டு ரசீது தர வேண்டும். "முதல் பேரரசுக் காலம்", அதாவது நெப்போலியன் காலம், என்று எழுதிவிட்டால் அதற்கு அவர் உத்தரவாதி. ஆகவே வாய்ப்பேச்சை நம்பாமல் ரசீது கேளுங்கள். தயங்குகிறார் என்றால் அந்தத் தயக்கமே பதில். தொழில்முறை விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பலாம். பொது ஏலத்துக்கு அந்த உரிமை கிடையாது. பின்னால் போலி எனத் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். ஏல நிறுவனத்தின் மீது வழக்கு என்றால் ஏல நாளிலிருந்து 5 ஆண்டு.

வாங்கியது திருட்டுப் பொருளாக இருந்தால்? உரியவர் 3 ஆண்டுக்குள் கேட்டால் திருப்பித் தர வேண்டும். கடையிலோ சந்தையிலோ நல்லெண்ணத்துடன் வாங்கியிருந்தால், கொடுத்த விலையை உங்களுக்குத் தந்துவிட்டுத்தான் அவர் எடுத்துப் போக முடியும். அரசு அருங்காட்சியகத்துப் பொருளுக்கு இந்தக் கெடுவும் கிடையாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. 1761, 1778, 1793 என்று முற்றுகை பல கண்ட ஊர் அது. அஸ்திவாரம் தோண்டும்போது பிரெஞ்சுப் பொத்தானோ காசோ கிடைத்தால், இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பொருந்தும்: மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாவின் சட்டையைப் பாரிஸிலிருக்கும் பேரன் கொண்டுவரச் சொன்னால், முதலில் ஆண்டைப் பாருங்கள். இந்தோசீனப் போர்க் காலத்துச் சட்டை 100 வயதைத் தொடவில்லை. 1914-18 போருக்குப் போனவருடையது தாண்டிவிட்டது. சந்தேகம் என்றால் பெட்டி கட்டும் முன்பே இந்தியத் தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.