குதிரைக்கு நெய்ச் சோறு!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எண்ணெய்க்கு ஏக கிராக்கி. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்றால்தான் குளித்த திருப்தி என்பார்கள்.

மனிதனுக்கு எண்ணெய் தோலுக்கு மேலே. குதிரைக்கோ எண்ணெய் வயிற்றுக்குள்ளே போனால்தான் தோல் மினுமினுக்கும்! ஆனால் என்ன எண்ணெய்? எவ்வளவு? குதிரைக்கு எதைக் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு காலத்தில் பாண்டிய நாட்டில் ஆயிரக்கணக்கான குதிரைகள் மடிந்தனவாம். அயல் நாட்டார் எழுதி வைத்திருக்கிறார்கள்.

குற்றாலத்து அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசி வழியே ஓடுகிறது. பிறகு தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தக் காலத்துக் காயல் துறைமுகம் இருந்தது. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கின.

பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோவிலைக் கட்டத் தொடங்கியது 1446-ல். அதற்கு ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்கு முன்பு, இத்தாலி நாட்டு யாத்திரிகர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரைகள் வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று அவர் எழுதினார். காரணம்? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேக வைத்துக் கொடுத்தார்களாம்! குதிரை வைத்தியர் யாரும் இங்கே வராதபடி வியாபாரிகளே தடுத்தார்கள் என்றும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விலை போகும்?

பாரசீக நாட்டுச் சரித்திர ஆசிரியர் வஸ்ஸாப் 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். அவர் இன்னும் விவரமாகச் சொல்கிறார். ஜமாலுத்தீன் என்ற பெரிய வியாபாரி ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். ஒரு குதிரை 220 பொன் தினார். வழியில் குதிரை செத்தாலும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் வந்துவிடும்!

இப்படி வாங்கிய குதிரைக்கு என்ன சாப்பாடு? வறுத்த பார்லி, நெய்யில் பிசைந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால்! நாற்பது நாள் லாயத்திலேயே கட்டிப் போட்டுக் கொழுக்க வைப்பார்களாம். பிறகு பழக்காமலே சிப்பாய்கள் ஏறி ஓட்டுவார்களாம். காற்றாய்ப் பறந்த குதிரை கொஞ்ச நாளில் சோர்ந்து மந்தமாகிவிடும் என்கிறார் வஸ்ஸாப்.

கொடுமைக்காகவா செய்தார்கள்? இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு நெய்யும் பாலும் ஊற்றுவது நம் வழக்கம். அந்தப் பாசத்தைக் குதிரையிடமும் காட்டிவிட்டார்கள்.

புல் தின்னப் பிறந்த வயிறு

குதிரையின் வயிறு விசித்திரமானது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை ஒரு குடம் அளவுதான். கெட்டதைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கவும் முடியாது. பித்தப்பையே கிடையாது! பித்த நீர் சொட்டுச் சொட்டாக எந்த நேரமும் குடலில் இறங்கிக்கொண்டிருக்கும். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேயும் பிராணிக்கு அதுதான் சரி.

ஒரேயடியாகத் தானியத்தைக் கொட்டினால் அது முழுவதும் சிறுகுடலில் செரிக்காது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். வயிற்று வலி வரும். சில சமயம் குளம்புக்குள்ளே வீங்கிக் குதிரை நடக்க முடியாமல் போகும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. வளர்ந்த குதிரைக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் காணும்.

அப்படியானால் கொழுப்பே ஆகாதா? அதுதான் இல்லை! பித்தப்பை இல்லாவிட்டாலும் தாவர எண்ணெயைக் குதிரை நன்றாகவே செரிக்கும். மெல்ல மெல்லப் பழக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு கிராம் மாவுச்சத்து தரும் சக்தியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரு கிராம் எண்ணெய் தரும். செரிக்கும்போது உடம்பில் ஏறும் சூடும் குறைவு. நம் வெயிலில் வேலை செய்யும் குதிரைக்கு இது நல்லதுதானே?

ஆகவே பாண்டியன் லாயத்தில் நெய் ஒன்றைமட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. சோறு, பால், நாற்பது நாள் சிறை எல்லாம் சேர்ந்துதான் குதிரையைச் சாய்த்திருக்க வேண்டும்.

பச்சைப் புல்லில் கொழுப்பு மிகவும் கொஞ்சம். ஆனால் அதில் பாதிக்கு மேல் 'ஒமேகா 3' என்ற நல்ல கொழுப்பு. புல் காய்ந்தால் அதில் பெரும் பங்கு போய்விடும். வைக்கோலும் காணமும் தின்று வாழும் குதிரைக்கு இது கிடைப்பது அரிது. கொள்ளைத்தான் நெல்லைச் சீமையில் காணம் என்பார்கள். நூறு கிராம் காணத்தில் புரதம் ஏறக்குறைய 22 கிராம் இருக்கிறது. கொழுப்போ ஒரு கிராம்கூட இல்லை.

ஆளி விதை

இந்தக் குறையை நிரப்பத்தான் ஆளி விதை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், பளபளப்பு. தண்ணீரில் போட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். இந்தச் செடியின் தண்டு நாரில் நெய்வதுதான் லினன் துணி. விதையில் நூற்றுக்கு நாற்பது பங்கு எண்ணெய். அதில் பாதிக்கு மேல் ஒமேகா 3. நல்லெண்ணெயில் இது இல்லை என்றே சொல்லலாம்.

கனடா நாட்டில் குவெல்ப் பல்கலைக் கழகத்தார் ஒரு சோதனை செய்து 2002-ல் வெளியிட்டார்கள். சில குதிரைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால் உடம்பெல்லாம் அரித்துத் தடிக்கும். அப்படிப்பட்ட குதிரைகளுக்கு ஆளி விதை கொடுத்துப் பார்த்தார்கள். தோலில் தடிப்பு குறைந்தது. ஆனால் சோதித்தது ஆறே குதிரைகள்! இதை வைத்து எல்லாக் குதிரைக்கும் இதுவே மருந்து என்று அடித்துப் பேசக் கூடாது.

ஆளி விதையில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பச்சை விதையைப் பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பான நீரிலோ ஊற வைத்தால் சயனைடு என்ற விஷம் பிறக்கும். ஆகவே ஊற வைத்து அப்படியே கொடுக்கவே கூடாது. கொதிக்கிற தண்ணீரில் போட்டு நன்றாக வேகவிட்டுக் கஞ்சியாகக் கொடுப்பது பழைய முறை. இப்போது பலர் உலர்ந்த விதையை அவ்வப்போது அரைத்துத் தீனியில் தூவுகிறார்கள். அரைத்து நாள் கணக்கில் வைத்தால் சிக்கு வாடை அடிக்கும். முழு விதையாகக் கொடுத்தால் பாதி சாணத்தோடு வெளியே போய்விடும்.

பெரிய குதிரைக்கு நாளைக்கு 100 முதல் 200 கிராம். மட்டக் குதிரைக்கு அதற்கும் குறைவு. முதல் நாள் ஒரு கரண்டிதான். முழு அளவுக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். பெயிண்டுக் கடையில் விற்கும் ஆளி விதை எண்ணெயை வாங்கிவிடக் கூடாது! பலகைக்குப் பூசச் சீக்கிரம் உலர வேண்டும் என்று அதில் விஷ மருந்துகள் கலந்திருப்பார்கள்.

நெல் விளையும் தென்காசிப் பக்கத்தில் இன்னொரு கொழுப்பும் மலிவாகக் கிடைக்கிறது. அரிசித் தவிடு! நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு எண்ணெய் அதில் உண்டு. ஆனால் இதில் ஒமேகா 3 அற்பம். மில்லிலிருந்து வந்த சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துவிடும். தவிட்டையே வாரிக் கொடுத்தால் எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து கரைந்து, குதிரையின் முகம் வீங்கிப் பெரிதாகும். முற்காலத்தில் மாவு மில்காரர்களின் குதிரைக்கு இது அதிகம் வந்ததால், மேல் நாட்டில் நோய்க்கே மில்காரர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்!

1904-ல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு இரயில் ஓடத் தொடங்கியது. நம் ஊர் ஸ்டேஷன்களின் வாசலில் ஜட்கா வண்டிகள் காத்து நின்ற காலம் அது. இன்று ஜட்கா மறைந்துவிட்டது. கல்யாண ஊர்வலத்துக்கும் சவாரிக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் சிலர்தான். அவர்களுக்கு அந்தக் குதிரைதான் சோறு போடுகிறது. நெஞ்செலும்பு தெரியும் குதிரையைப் பார்த்ததும் எண்ணெய் வாங்க ஓடுவதற்கு முன், 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளைக்கு 5 கிலோ உலர்ந்த புல்லாவது போகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சைப் புல்லாக இருந்தால் அதைப்போல் நாலு பங்கு வேண்டும். பிறகு பல்லையும் குடல் புழுவையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். ஆளி விதையின் முறை அதற்குப் பிறகுதான்.