ஒளியில் இறுகும் எபாக்சி: கிராஃபீன் மறைக்கும் வெளிச்சம்

பாதரசப் புற ஊதா விளக்குகளுக்கு, பாதரசத் தடையிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் தந்திருக்கும் விலக்கு, நீட்டிப்பு கிடைத்தாலொழிய, 2027 பிப்ரவரி 24-ல் முடிகிறது. அதையொட்டி வரும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: அந்த விளக்குகளின் ஒளியில் இறுகும் கிராஃபீன் கலந்த எபாக்சிப் பூச்சு, எல்இடி விளக்குக்கு மாறினால் காயுமா?

முதலில் பூச்சு டப்பாவில் இருப்பது கிராஃபீன்தானா என்று பார்க்க வேண்டும். ஓரணு கனமுள்ள கரித்தகடு என்கிறார்கள் விற்பவர்கள். 2018-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 60 நிறுவனங்களின் சரக்கைச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் கிராஃபீன் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே இருந்தது. மீதியில் பெரும்பகுதி கிராஃபைட் தூள்.

இனி பூச்சு இறுகும் விதம். எபாக்சியோடு அயோடோனியம் அல்லது சல்ஃபோனியம் உப்பைக் கலந்து வைக்கிறார்கள். புற ஊதா பட்டதும் உப்பு உடைந்து கடும் அமிலம் பிறக்கிறது. அது எபாக்சி வளையங்களைத் திறந்து சங்கிலியாகக் கோக்கிறது. அக்ரிலேட் பூச்சுகளைப் போலக் காற்றிலுள்ள ஆக்சிஜன் இதைத் தடுப்பதில்லை. விளக்கை அணைத்த பின்னும் அமிலம் உயிரோடிருப்பதால் இருட்டிலேயே மணிக்கணக்கில் வேலை தொடர்கிறது. இந்தத் துறையில் இதைவிட அழகான உத்தியை நான் பார்த்ததில்லை.

சிக்கல் கிராஃபீனிடம்தான். ஒரே ஓர் அடுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 2.3 சதவீதத்தை விழுங்குகிறது. புற ஊதாவில் இன்னும் அதிகம். உப்புக்குச் சேர வேண்டிய வெளிச்சத்தைத் தகடுகள் வழிமறித்துவிடுகின்றன. மேல்பரப்பு விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகியிருக்கும். அடியில், உலோகத்தைப் பற்ற வேண்டிய இடத்தில், பிசின் பச்சையாகவே கிடக்கும். ‘நொடிகளில் காயும்’ என்ற விளம்பரம் மேல்தோலைப் பற்றியது மட்டுமே. எல்இடி வந்தால் நிலை இன்னும் இறுக்கம்: இந்த உப்புகள் பெரும்பாலும் 300 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளியைத்தான் நன்றாக ஏற்கும். புழக்கத்திலுள்ள எல்இடிகள் தருவதோ 365, 385, 395. ஆகவே ஒளியை வாங்கி உப்புக்குக் கைமாற்றும் துணைப்பொருள் ஒன்று வேண்டும். பூச்சும் மெல்லியதாக இருக்க வேண்டும்.

இந்தப் பூச்சு துருவைத் தடுக்குமா? கிராஃபீன் தகடுகள் நீரும் ஆக்சிஜனும் செல்லும் வழியைச் சுற்றுவழியாக்கிவிடுகின்றன. ஆனால் அவை மின்கடத்திகள். கீறல் விழுந்து உலோகம் வெளியே தெரிந்தால், கிராஃபீனைத் தொட்டிருக்கும் அந்த இடம் வேகமாக அரிக்கப்படலாம். செம்பின் மேல் வெறும் கிராஃபீன் படலம் நாளடைவில் தீங்கே செய்ததை 2013-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

கார்களுக்கு விற்கும் ‘கிராஃபீன் கோட்டிங்’ இதுதானா? பெரும்பாலும் இல்லை, அவை சிலிக்கா வகை.

தூசு ஆபத்தா? உலர்தூளைக் கையாளும்போதும் பழைய பூச்சைத் தேய்க்கும்போதும் தூசு வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம்.

வாங்கப் போகிறவர்கள், கீறிவிட்டு உப்புநீர்த் தெளிப்புச் சோதனைக்கு உட்படுத்திய, பூச்சிட்ட உலோகத் தகட்டின் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கீறாத தகட்டின் அறிக்கையை மட்டும் நீட்டினால் ஏற்காதீர்கள்.